மாமா நாற்காலியைத் திருப்பிப் போட்ட செமினார்

என் மாமா பொன்னுதுரை சொன்னதற்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. வீட்டில் மட்டுமல்ல, அவர் வேலை பார்த்த இடத்திலும் அப்படித்தான். மலாக்கா பண்டார் ஹிலிரில் தமிழ்ப் படம் ஓட்டிய ஒரு தியேட்டரில், டார்ச் லைட் அடித்து ஆட்களை இடம் பார்த்து உட்கார வைக்கிற வேலை அவருக்கு. படம் ஓடும்போது யாராவது வாயைத் திறந்தால் அந்த டார்ச் நேராக மூஞ்சியில் அடிக்கும். கூடவே "டியாம்!" என்று ஒரு அதட்டல் வரும். மலாயில் வாயை மூடு என்று அர்த்தம். தமிழன், சீனன், மலாய்க்காரன் எல்லாருக்கும் சொல்லாமலே புரிகிற சொல் என்று மாமாவுக்கு அதில் தனிப் பெருமை.

கெட்ட மனிதர் இல்லை. ஜப்பான்காரன் போன பிறகு தியேட்டரைத் திரும்பத் திறந்தபோது சத்தப்பெட்டி தொண்டை கட்டிப் போய்க் கிடந்ததாம். முன்வரிசையில் ஒருவன் இருமினால் பின்வரிசைக்கு வசனம் கேட்காது. "பின்னாடி உக்காந்திருக்கிறவனும் மனுசன்தானே லா?" என்பார். அப்படி ஆரம்பித்த பழக்கம், புது சத்தப்பெட்டி வந்து ஊரே அதிர்ந்த பிறகும் விடவில்லை. படம் முடிந்ததும் நாற்காலியிலேயே தூங்கிப் போன பிள்ளைகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கொண்டுவந்து தாயிடம் கொடுப்பவரும் அவர்தான். சோகப் படமாக இருந்தால் கதவோரம் நின்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இருட்டில் யாருக்கும் தெரியாது என்று அவருக்கு நினைப்பு. எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம், கொடி ஏற்றுவதைக் காட்டும் செய்திப்படம் எங்கள் தியேட்டருக்கும் வந்தது. திரையில் கொடி ஏறியதும் மொத்தக் கூட்டமும் எழுந்து "மெர்டேக்கா!" என்று கத்தியது. மாமா பழக்கதோஷத்தில் டார்ச்சை எடுத்துவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை அணைத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எல்லாரையும் விட உரக்க அவரே கத்தினார். மறுநாள் தொண்டைக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தது பொன்னம்மா அத்தை, அவர் மனைவி.

நான் ஜெயா, மாமாவின் தங்கை மகள். ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து படிப்புக்காக என்னைக் கொண்டுவந்து அவர் வீட்டில் விட்டிருந்தார்கள். மாமாவுக்கு ஒரே மகள் சாரதாம்பாள். சாரதாவும் நானும் ஒரே பாயில் படுத்து, ஒரே கான்வெண்டில் படித்து வளர்ந்தவர்கள். வீடு காஜா பேராங்கில், செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியை ஒட்டி. பின்வாசலைத் திறந்தால் எதிரே பீபிக் பாக்கியலட்சுமியின் அடுப்படி.

பீபிக் என்றால் மலாயில் அத்தை மாதிரி. பீபிக் பாக்கியம் மலாக்காச் செட்டி, தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன தமிழர் வம்சம். அவர்கள் கும்பிடுவது நம் மாரியம்மனைத்தான், வீட்டில் பேசுவதுதான் மலாய். "சாமி, பூசை, மாமா" என்று நாலைந்து தமிழ்ச் சொல் தவிர பீபிக்குக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, கொண்டையில் ஊசி குத்தி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு எங்களுடன் வராமல் இருந்ததே இல்லை. பாதிப் படத்தில் என் தோளைத் தட்டி, "அவன் என்ன சொல்றான்?" என்று மலாயில் கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் வெளிச்சம் வந்து விழும். "டியாம்!"

மாலையில் எங்கள் பின்வாசல் படியில் உட்கார்ந்து பீபிக் அந்தப் படத்தின் கதையை அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு மலாயில் சொல்வார். அது நாங்கள் பார்த்த கதையாக இருக்காது. ஒரு படத்தில் அண்ணன் திருட்டுப் பழியில் ஜெயிலுக்குப் போவான். பீபிக்கின் கதையில் அவன் தம்பி கல்யாணம் கெட்டுவிடக் கூடாதென்று தானாகவே போய் ஜெயிலில் ஒளிந்துகொள்வான். உண்மையைச் சொன்னால், படத்தை விட அதுதான் நன்றாக இருந்தது. நாங்கள் சிரிப்போம். சாரதா மட்டும் சிரிக்காமல் உற்றுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

சாரதா கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்துக்குப் போனதில் எங்கள் தெருவுக்கே தலைகால் புரியவில்லை. படிப்பில் கெட்டி. ஆனால் மாமா வளர்த்த பெண். பெரியவர்கள் ஒன்று சொன்னால் அது தப்பாகவே இருந்தாலும் தலையைக் குனிந்து நிற்பாள். அந்தப் பழக்கம்தான் அங்கே அவள் காலை வாரிவிட்டது.

ஒரு தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது பாயில் படுத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். அங்கே செமினார் என்று ஒரு வகுப்பு. இலக்கியம் படிக்கிறவர்கள், ரசாயனம் படிக்கிறவர்கள், பொருளாதாரம் படிக்கிறவர்கள் என்று பல துறைப் பிள்ளைகளையும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைப்பார்களாம். முறை வைத்து ஒருவர் கட்டுரை வாசிக்க வேண்டும். மற்றவர்கள் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டு அதை உடைக்கப் பார்க்க வேண்டும். வாசித்தவர் விடாமல் பதில் சொல்லி நிற்க வேண்டும்.

"போன தடவை நல்லாத்தான் எழுதியிருந்தேன், ஜெயா. கேள்வி கேட்டாங்க. பதில் எல்லாம் எனக்குத் தெரியும். வாய் வரலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்" என்றாள்.

"அதுக்கு?"

"சார் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டார். இந்தத் தடவையும் பதில் பேசாம நின்னா ஆனர்ஸ் வருசத்துக்கு என்னை எடுக்க மாட்டாங்களாம். அதோட படிப்பு முடிஞ்சது."

மாமாவிடம் இதைச் சொல்ல அவளுக்கும் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை. மறுநாள் சாப்பிடும்போது மாமாவே கேட்டார். "என்னமோ செமினார்னு ராத்திரி காதுல விழுந்துச்சே, அதுல என்னா செய்வாங்கே?"

"நான் எழுதினதை நான் வாசிப்பேன்ப்பா. எல்லாரும் உக்காந்து கேப்பாங்க. புரபசர் முன்னாடி" என்று முக்கால்வாசியை முழுங்கிவிட்டுச் சொன்னாள் சாரதா.

மாமா சோற்றுக் கையோடு அப்படியே நிமிர்ந்தார். எழுதியதை சபையில் வாசிப்பது, குரு முன்னால், எல்லாரும் கேட்க! அவருக்குத் தெரிந்து அதற்கு ஒரே பெயர்தான். "அப்போ இது அரங்கேற்றம்! பொன்னம்மா, கேட்டியா? நம்ப பிள்ளை அரங்கேறப் போகுது!"

"அப்பா, அங்க வீட்டு ஆளுங்க யாரும் வர மாட்டாங்கப்பா" என்றாள் சாரதா மெல்ல.

"யாரும் வரலைன்னா நாமளாச்சும் போகணும்ல? பிள்ளை தனியா நிக்கவா?" என்றார் மாமா. பேச்சு அத்தோடு முடிந்தது.

குறித்த நாளில் விடியக் கிளம்பி, பஸ் ஏறி, சிரம்பானில் இறங்கி மாறி, கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தோம். மாமா வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட காக்கிக் கால்சட்டை. அத்தை கல்யாணப் புடவை. என் கையில் தாம்பாளம்: வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், குருவுக்குப் பொன்னாடை, கோயிலில் கட்டச் சொல்லி வாங்கிய சாமந்தி மாலை. பீபிக் ஒரு டின் நிறையத் தேங்காய்ப்பால் குவே என்கிற பலகாரம் செய்து கொடுத்திருந்தார். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாம் பொண்ணு யாரு, மாப்பிள்ளை எங்கே என்று விசாரித்தார்கள். எனக்கு மானம் போனது.

அந்த அறையில் மேடையும் இல்லை, திரையும் இல்லை. நீள மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு கரும்பலகை, மேலே ஒரு காற்றாடி. எங்களைக் கண்டதும் சாரதா முகத்தில் ஈயாடவில்லை. வகுப்பு எடுக்கிற மாணிக்கவாசகம் சார் யாழ்ப்பாணத்து வழி வந்தவர். தாம்பாளத்தையும் மாலையையும் ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு எழுந்து வந்து, "வாங்கோ, வாங்கோ. இவ்வளவு தூரம் வந்தனீங்கள், இருங்கோ" என்று சுவரோரமாக நாற்காலி போடச் சொன்னார். நல்ல மனிதர்.

சாரதா வாசித்தாள். முழுக்க இங்கிலீஷ். மாமாவுக்கும் அத்தைக்கும் ஒரு எழுத்து புரியாது. எனக்குப் புரிந்தது. புரிந்ததும் தூக்கி வாரிப் போட்டது. தமிழே தெரியாமல் தமிழ்ப் படம் பார்க்கிறவர்களைப் பற்றி எழுதியிருந்தாள். பெயர் சொல்லவில்லை, ஆனால் அது எங்கள் பீபிக்தான். அந்த ஜெயில் அண்ணன் கதை கூட இருந்தது. மொழி தெரியாதவர்கள் படத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வதில்லை, தங்களுக்கென்று முழுசாக இன்னொரு கதையைக் கட்டிக்கொள்கிறார்கள், அதற்கு அழுகிறார்கள், அதை ஊருக்குச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். மாமா மகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முகம் அப்படிப் பூரித்துக் கிடந்தது.

வாசித்து முடித்ததும் ஒரு பையன் கையை உயர்த்தினான். சிஹாபுதீன் என்று பெயர், ரசாயனம் படிக்கிறவன், ஒல்லி, கண்ணாடிக்காரன். விரலை ஆட்டி ஆட்டிப் பேசினான். மற்றவர்கள் சிரித்தார்கள். சாரதா தலையைக் குனிந்தாள்.

மாமா என் தோளைத் தட்டினார். "அவன் என்னா சொல்றான்?"

வருஷக்கணக்காக டியாம் கேட்டு வளர்ந்த பயம். வகுப்பில் பேசக் கூடாது என்று நான் உதட்டில் விரலை வைத்தேன். மாமா சற்றுப் பொறுத்தார். சிஹாபுதீன் மேசையைத் தட்டி இன்னும் ஏதோ கேட்டான். மறுபடியும் என் தோள். "ஜெயா, என்னா சொல்றான் அவன்?" நான் மறுபடியும் விரலை வைத்தேன்.

மூன்றாம் முறை அவர் என்னைக் கேட்கவில்லை. எழுந்து நின்றார். காக்கிக் கால்சட்டைப் பையிலிருந்து டார்ச் வந்தது. அதையும் கோலாலம்பூர் வரை கொண்டுவந்திருந்தார், மனிதர்! நல்ல பகல் வெளிச்சத்தில், பல்கலைக்கழக வகுப்பில், சிஹாபுதீன் மூக்குக்கண்ணாடியில் நேராக அடித்தார்.

"டியாம்!"

அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். சிஹாபுதீன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சினிமாவில் பிடிபட்டவன் மாதிரியே உட்கார்ந்துவிட்டான்.

மாணிக்கவாசகம் சார்தான் முதலில் வாய் திறந்தார். கோபப்படவில்லை. "ஐயா, அந்தத் தம்பி உங்கட மகளை ஏசவில்லை. கேள்வி கேட்கிறான். கேட்கிறதுதான் இங்க படிப்பு. அவ மறுத்துப் பேசவேணும். பேசினால்தான் மேல வகுப்புக்குப் போகலாம். பேசாட்டில் போக ஏலாது" என்றார் தமிழில்.

மாமா டார்ச்சை அணைத்தார். மறுத்துப் பேசினால் பரிசு, பேசாவிட்டால் தண்டனை என்று ஒரு இடம் உலகத்தில் இருப்பதை அவர் அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறார். பொத்தென்று உட்கார்ந்தார்.

சார் சாரதாவைப் பார்த்து, "அவனுடைய கேள்விக்குப் பதில் சொல்" என்றார் இங்கிலீஷில்.

சாரதா எங்கள் பக்கம் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். தலை மெல்லக் குனிந்தது. நான் பயந்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது.

இந்தத் தடவை மாமா என் தோளைத் தட்டவில்லை. என் பக்கம் குனிந்து, கெஞ்சுகிற மாதிரி கேட்டார். "என்னா கேட்டான்னு சொல்லும்மா. ஒண்ணும் புரியலையே எனக்கு."

சாரதா எழுதியது நம் பீபிக் மாதிரித் தமிழ் தெரியாமல் படம் பார்க்கிறவர்களைப் பற்றி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். "படம் பாக்கிறவங்களுக்கு நெசமாவே கதை வேணும்னா, பக்கத்துல உக்காந்திருக்கிற தமிழ் ஆளுங்ககிட்ட என்ன சொல்றாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஏன் கேக்கலைங்கிறாரு, மாமா. கேக்கலைன்னா கதையில அவங்களுக்கு அக்கறை இல்லைன்னுதானே அர்த்தம்ங்கிறாரு."

பதில் எனக்குத் தெரியும். சாரதாவுக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும். மாமா சாரதாவைப் பார்த்தார். பிறகு குனிந்து, கையிலிருந்த டார்ச்சைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு அப்பாவைப் பற்றி அந்தப் பிள்ளை சபையில் எப்படிச் சொல்லும்?

மாமா மறுபடி எழுந்தார். சிஹாபுதீன் கண்ணாடியைக் கழற்றி ஜாக்கிரதையாகக் கையில் வைத்துக்கொண்டான். மாமா தன் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கினார். சத்தம் வராமல் திருப்பிச் சுவரைப் பார்க்கப் போட்டார். மேசைக்கு முதுகைக் காட்டி, பள்ளிக்கூடப் பையன் மாதிரி கைகட்டி உட்கார்ந்தார்.

"சொல்லும்மா. நான் இங்க இல்லை" என்றார் சுவரைப் பார்த்து.

அந்த மனிதரை நான் அதற்கு முன்பும் மதித்தேன், பயந்தேன். அன்றைக்குத்தான் அவர் மேல் அவ்வளவு பாசம் வந்தது.

சாரதா தலை நிமிர்ந்தாள். முதல் இரண்டு வார்த்தை நடுங்கியது. "அவர்கள் கேட்காமல் இல்லை. ஒவ்வொரு வாரமும் கேட்டார்கள். அந்தத் தியேட்டரில் ஒருவர் டார்ச் வைத்திருக்கிறார். வாயைத் திறந்தால் முகத்தில் வெளிச்சம் அடிப்பார். சற்று முன்னால் நீங்களும் பார்த்தீர்கள். அவர் என் அப்பா."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு வெடித்தது. நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் குனிந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதட்டவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"என் அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று பக்கத்தில் இருப்பவளைக் கேட்டார். அவள் சொல்லவில்லை. அதனால் அவரே ஒரு கதை கட்டிக்கொண்டார். தன் மகளை யாரோ அவமானப்படுத்துகிறார்கள் என்ற கதை. அக்கறை இல்லாதவரா அவர்? அக்கறை இருந்ததால்தான் கட்டினார். பதில் கிடைக்காத இடத்தில் மனிதர்கள் அதைத்தான் செய்கிறார்கள்" என்றாள்.

சிஹாபுதீன் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஒரு ஆளை வைத்து எல்லாரைப் பற்றியும் எப்படிச் சொல்லலாம் என்றான். அவள் திருப்பிக் கொடுத்தாள். பொருளாதாரம் படிக்கிற பெண் ஒருத்தி குறுக்கே வந்தாள். அவளுக்கும் கிடைத்தது. கடைசியில் சாரே ஒன்று சொல்ல, சாரதா, "இல்லை சார், அப்படி இல்லை" என்றாள். எங்கள் சாரதா! நான் அதையும் மொழிபெயர்த்தேன். மாமாவின் முதுகு ஒரு தடவை குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று சுவருக்குத்தான் தெரியும்.

வகுப்பு முடிந்து பொன்னாடையை மாமா சாருக்குப் போர்த்தினார். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு நேராகப் போய் சிஹாபுதீன் கழுத்தில் போட்டுவிட்டார். "தம்பி, கண்ணு வலிக்குதா?" என்று கேட்டார். அந்தப் பையன் மாலையும் கழுத்துமாக பீபிக்கின் குவேயில் பாதி டின்னைக் காலி செய்தான்.

சாரதாவை ஆனர்ஸ் வருஷத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி. படம் பாதியில் இருக்கும்போது பீபிக் என் தோளைத் தட்டி, "அவன் என்ன சொல்றான்?" என்றார். மாமா வந்தார். டார்ச் எரியவில்லை. பீபிக் பக்கம் குனிந்து, கதாநாயகன் சொன்னதை மலாயில் மெதுவாக விளக்க ஆரம்பித்தார். நான்கைந்து வாக்கியம் வரை பீபிக் பொறுத்துப் பார்த்தார். அந்த வாரம் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்த கதையே வேறு போலிருக்கிறது. விசிறியால் மாமாவின் கையில் ஒன்று வைத்தார்.

"டியாம்!"

மாமா அந்தக் கதவோரம் போய் நின்று வெகுநேரம் சிரித்ததாக டிக்கெட் கிழிக்கிறவர் பிறகு எங்களிடம் சொன்னார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாருக்காவது மாமாவை மறுத்து ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், "நாற்காலியைத் திருப்புங்க" என்போம். அவரும் முனகிக்கொண்டே சுவரைப் பார்க்கத் திருப்பி உட்கார்ந்து, "ம், நான் இங்க இல்லை" என்பார். பொன்னம்மா அத்தைதான் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் ஒரே சாயங்காலத்தில் கொட்டித் தீர்த்தார். அன்றைக்கு மாமாவுக்குக் கழுத்தே பிடித்துக்கொண்டது.

சாரதா படிப்பை முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மாமா அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தார். நல்ல குடும்பம், ரயில்வேயில் வேலை. அவளைக் கேட்காமல் பேசி முடித்துவிட்டார். சனிக்கிழமை சாரதா வந்தாள். நாங்கள் எல்லாரும் கூடத்தில் இருந்தோம். பீபிக் கூடப் பின்வாசலில் வந்து நின்றுவிட்டார். சாரதாவின் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அப்பா, நாற்காலியைத் திருப்புங்க" என்றாள்.

மாமா எழுந்தார். நாற்காலியின் முதுகில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, அவளைப் பார்த்தபடி அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"வேணாம்மா. மூஞ்சியைப் பாத்தே சொல்லு."

சாரதா சொன்னாள். அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்றாள், ஏன் என்றும் சொன்னாள், கேட்காமல் பேசியது தப்பு என்றும் சொன்னாள். மாமா முகம் சுருங்கியது, உதடு ஒரு தடவை அசைந்தது. ஆனாலும் அவள் முடிக்கிற வரை கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"சரிம்மா" என்றார். "அவங்ககிட்ட நான் போய்ச் சொல்லிக்கிறேன்."